கப்பல்காரர் வீட்டு ஆடி மாதம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளை மட்டும் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவுக்குக் கீழே ஏதோ ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் நடுவில், உல்லாசக் கப்பலில் வேலையாக இருந்தார். அவருடைய அம்மா கைபேசியை நீட்டினார். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், பின்னால் நீலக் கடல், முகமெல்லாம் சிரிப்பு. நல்ல கலகலப்பான பையன் என்று என் அம்மாவுக்கு உடனே பிடித்துப்போயிற்று. சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் அங்கே சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது எங்கள் வீட்டில் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தால், அவரைப் போல வாயைத் திறக்காத மனிதரை நான் கண்டதே இல்லை.

அப்பா திருவையாற்றுப் பக்கம் குத்தகை நிலத்தில் குறுவையும் சம்பாவும் போடுகிறவர். அவருக்கு மாசச் சம்பளம் என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு மரியாதை. எவ்வளவு என்று கேட்டார். தொகையைச் சொன்னதும் மனசுக்குள்ளேயே பன்னிரண்டால் பெருக்கிவிட்டார். அவருடைய உதடு அசைந்ததை நான் பார்த்தேன். அந்தப் பெருக்கலில்தான் என் கல்யாணம் முடிவானது.

கப்பலில் இருக்கும் நாளுக்கு மட்டும்தான் சம்பளம். எட்டு ஒன்பது மாதம் ஒப்பந்தம். அது முடிந்து கரையில் கால் வைத்த அன்றைக்கே சம்பளம் நின்றுவிடும். பிறகு இரண்டு மாதம் போல வீட்டில் இருக்கலாம். அதற்கு லீவு என்று பெயர், ஆனால் உண்மையில் அது வேலை இல்லாத காலம். மறுபடி கூப்பிட்டால்தான் வேலை. கூப்பிட்டாலும் உடம்புப் பரிசோதனை, விசா, சென்னைக்குப் போய்வரும் செலவு எல்லாம் கைக்காசு. கோடையில் வயல் தரிசாகக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்த என் அப்பாவுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். கப்பலும் தரிசு கிடக்கும் என்று அவர் எப்படி நினைப்பார்?

ஊரில் எல்லோரும் தை பார்த்து, வைகாசி பார்த்து நாள் குறிப்பார்கள். எங்களுக்கு நாள் குறித்தது, நாங்கள் கண்ணால் பார்த்திராத ஏதோ ஓர் ஆபீஸ். வைகாசி முடிகிற நேரத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். மண்டபம் கிடைத்து, பத்திரிகை அடித்து, சொந்தக்காரர்களைக் கூட்டி முடிப்பதற்குள் ஆனியில் கடைசி முகூர்த்தம்தான் மிச்சம் இருந்தது. தாலி கட்டியாயிற்று. பாபநாசம் பக்கத்தில் அவர் ஊருக்குப் போனேன். மஞ்சள் கயிறு கழுத்தில் காயும் முன்பே ஆடி வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். சீரோடு வந்து இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பால் விட்ட ஆடிப் பாலும் வடையுமாக விருந்து நடக்கும். சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை தனியாக ஊர் திரும்ப வேண்டும். ஆடியில் பிள்ளை தங்கினால் சித்திரையில் பிறக்கும், சித்திரை வெயிலில் பிறந்தால் ஆகாது என்பது கணக்கு. வருஷம் முழுக்கக் கூட இருக்கும் புருஷன்மார்களுக்காகப் போட்ட கணக்கு அது.

அவர் இன்னும் கொஞ்ச நாளில் கிளம்பிவிடுவாரே என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"ஒரு மாசம்தானடி. அப்புறம் ஆயுசு முழுக்க ஒண்ணாத்தானே இருக்கப் போறீங்க" என்றாள் அம்மா.

மாமியாரும் அதையே சொன்னார். என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார். எதிர்த்துப் பேசாமல் 'சரிங்க' என்று தலையாட்டுவதில் அவருக்குப் பல வருஷப் பயிற்சி இருந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

ஆனால் மனிதர் பஸ் ஏறி வந்துகொண்டேதான் இருந்தார். மாமாவைப் பார்க்க வந்தேன் என்பார். அப்பாவோடு வரப்பில் உட்கார்ந்துகொண்டு, எந்த விதைநெல் எத்தனை நாளில் கதிர் வாங்கும் என்ற கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் மனசில் ஏறவில்லை என்பது கொல்லைப்புறத்திலிருந்து பார்க்கும் எனக்கே தெரிந்தது. அம்மா இலை போட்டு வயிறு நிறையச் சாப்பாடு போடுவாள், கூடவே கடைசி பஸ்ஸையும் ஞாபகப்படுத்துவாள். பஸ் நிறுத்தம் வரைக்கும்கூட என்னை விடமாட்டார்கள், வாசலோடு சரி. தாலி கட்டிய புருஷனை வாசலில் நின்று வழியனுப்பிய அந்தக் கூத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கூடவே யாரையாவது நாலு வார்த்தை கேட்கலாம் போலவும் இருக்கிறது.

ஆடி பாதிகூட ஆகவில்லை, கம்பெனியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். யாரோ ஒருவர் நடுவில் வேலையை விட்டு இறங்கிவிட்டாராம். உடனே வர முடியுமா என்று கேட்டார்கள். கேட்பது போலத்தான் இருக்கும். முடியாது என்றால் பெயர் கடைசிக்குப் போய்விடும். அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று தெரியாது. அதுவரைக்கும் சம்பளம் கிடையாது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வேறு இருந்தது. சரிங்க என்றார். ஆடிப்பெருக்கு அன்று அம்மாதான் என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய்க் கயிறு மாற்றிவிட்டாள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டவர்களிடம் கப்பலில் இருக்கிறார் என்றேன். அடேயப்பா என்றார்கள். எனக்குத்தான் அந்த அடேயப்பாவில் ஒரு சுகமும் இல்லை.

அதன்பிறகு எனக்குப் புருஷன் என்றால் காலையில் வரும் ஒரு போன். அவருக்கு அங்கே ராத்திரி வேலை முடியும் நேரம், இங்கே எனக்கு உலை கொதிக்கும் நேரம். பேசுவதற்கும் அவர் காசு கட்ட வேண்டும். கரையில் கப்பல் நின்றால் இறங்கிப்போய் எங்காவது இலவசமாக இணையம் கிடைக்கும் இடத்தில் நின்றுகொண்டு பேசுவார். நடுக்கடல் என்றால் இரண்டு நிமிஷம்தான். அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு நிமிஷம் 'கேக்குதா, கேக்குதா' என்பதில் போய்விடும்.

அவர் வேலை பயணிகளின் அறைகளைப் பார்த்துக்கொள்வது. காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. படுக்கை விரித்து, குளியலறை கழுவி, துண்டு மாற்றி, குப்பை எடுத்து வெளியே வர வேண்டும். அவர்கள் நடமாடும்போது கண்ணில் படக்கூடாது, பட்டால் சிரிக்க வேண்டும். ஒரு கூட்டம் இறங்கி அடுத்த கூட்டம் ஏறும் நாளில் எல்லா அறைகளையும் மத்தியானத்துக்குள் புதுசாக்கியாக வேண்டும். அன்றைக்குச் சாப்பாடு நின்றபடியேதான், அதுவும் கிடைத்தால். இறங்குகிறவர்கள் மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்கள். எல்லாமே திருப்தி என்று போட்டால் பிழைத்தார். தலையணை கொஞ்சம் கடினம் என்று யாராவது எழுதினால் மேலதிகாரி கூப்பிட்டு விசாரிப்பார். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது, உடம்பு சரியில்லை என்று படுக்கக்கூடாது. ஏறிய நாளிலிருந்து இறங்கும் நாள் வரை ஒரு நாள்கூட முழு லீவு இல்லை. இதையெல்லாம் அவராகச் சொல்லவில்லை. நான் வருஷக்கணக்கில் நோண்டி நோண்டி எடுத்தது.

தூங்குவது கப்பலின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் இல்லாத சின்ன அறையில் மேலே ஒரு கட்டில், கீழே ஒரு கட்டில், இரண்டு ஆட்கள். கட்டிலுக்கு ஒரு திரை, அந்தத் திரைக்குள்தான் அவருடைய சொந்த உலகம். கடலிலேயே இருந்தாலும் வாரக்கணக்கில் கடலைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். இங்கே ஊரில் என்னவென்றால், 'உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா, உலகம் சுத்திப் பாத்துக்கிட்டே சம்பாதிக்கிறாரு' என்பார்கள். ஆமாம், ஒவ்வொரு நாட்டுக் குளியலறையையும் பார்த்துவிட்டார் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

லீவில் வந்தாலும் கப்பல் அவரைவிட்டு இறங்காது. எங்கள் அறைக்குள் வருவதற்கே கதவைத் தட்டுவார். நான் எழுந்து முகம் கழுவி வருவதற்குள் நான் படுத்திருந்த பாய் சுருட்டி, போர்வை மடித்து, தலையணை தட்டி வைக்கப்பட்டிருக்கும். பயணிகளின் படுக்கை மேல் துண்டை மடித்து யானை செய்து வைப்பார்களாம். எனக்கும் ஒன்று செய்து காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். நம் ஊர்த் துண்டு மெல்லிசு, யானை நிற்கவே இல்லை, தும்பிக்கை சரிந்து சரிந்து விழுந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் காசு வாங்காமல் சிரித்ததை நான் பார்த்தது அப்படிச் சில தடவைதான்.

மூன்று லீவு வந்து போயிற்று. எனக்குப் பிள்ளை தங்கவில்லை. ஒருமுறை அடைமழையில் வந்தார், வீட்டில் ஈரமும் காய்ச்சலுமாகவே நாள் போயிற்று. ஒருமுறை ஒப்பந்தத்தை நீட்டிவிட்டு, லீவைச் சுருக்கிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் அம்மாவிடம் போனோம். எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. "ஒரு வருஷம் சேர்ந்து இருங்க. வேற மருந்து வேண்டாம்" என்றார் டாக்டர். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஒரு மருந்துதான் எங்களிடம் இல்லை.

வேலையை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். பலமுறை சொன்னேன், சண்டையாகவும் சொன்னேன். விட்டுவிட்டு என்ன செய்வது என்று கேட்டார். நிலம் அவர் அண்ணனுக்கே போதவில்லை. படித்தது ஓட்டல் படிப்பு. தஞ்சாவூர் லாட்ஜில் அவர் வாங்கக்கூடிய சம்பளத்தில் கல்யாணக் கடனின் வட்டிகூட அடையாது. இன்னும் ஒரு ஒப்பந்தம், இன்னும் ஒன்றே ஒன்று என்பார். அப்படிச் சொல்லும் எல்லோருமே இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்றும் அவரே சொல்வார்.

ஊர் என்னைத்தான் பார்த்தது. அவரை எங்கே பார்ப்பது, அவர்தான் இல்லையே. மாமியார் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொண்டார். ஓரகத்திக்கு வளைகாப்பு நடந்தது. வரிசையாகப் போய் வளையல் போட்டார்கள். நானும் இரண்டு கண்ணாடி வளையலைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். மாமியாரின் அக்கா என் கையை மெதுவாகப் பிடித்து, "நீ அப்புறம் போடலாம்மா" என்றார். கொஞ்சமும் கடுமை இல்லாமல்தான் சொன்னார். வளையலை மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டுப் பந்தியில் பரிமாறப் போனேன். அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. கப்பல் கம்பெனி கொடுக்காத நாளுக்கு நான் எங்கே போய்ப் பிள்ளை பெறுவது என்று அந்தப் பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த லீவு ஆடியில் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. கல்யாணமாகி வருஷங்கள் ஆகிவிட்டாலும், பிள்ளை இல்லாதவளுக்கு இன்னும் புதுப்பெண் சட்டம்தானோ என்று தோன்றியது. முதல் தேதியே அம்மா வந்து இறங்கினாள். கையில் சீர்த்தட்டு இல்லை. ஒரு பையில் வெண்ணெயும் முருங்கைக்கீரையும் நாட்டுக்கோழி முட்டையும் கொண்டுவந்திருந்தாள். சமையலறையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளை கிளம்பும் வரைக்கும் நீ எங்கேயும் நகரக்கூடாது, வீட்டு விசேஷம், கோயில், எதற்கும் வராதே என்று சொன்னாள். ஆடியாச்சே அம்மா என்றேன்.

"சித்திரையில பொறந்தா பொறக்கட்டுமடி. வெயில நான் பாத்துக்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த லீவில் கம்பெனி கூப்பிடவில்லை. முழுசாக இருந்தார். ஆவணியில் கிளம்பினார். சென்னையில் பரிசோதனை முடிந்து அவர் விமானம் ஏறிய வாரத்தில்தான் பிள்ளை தங்கியிருப்பது எனக்குத் தெரிந்தது. போனில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வழக்கம் போல லைன் போய்விட்டது என்று நினைத்து 'கேக்குதா, கேக்குதா' என்று கத்தினேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வாய் திறந்துவிட்டது. தினமும் என்ன சாப்பிட்டாய், எவ்வளவு தூரம் நடந்தாய் என்று விசாரணை. காசைப் பார்க்காமல் நடுக்கடலிலிருந்தும் பேசினார். ஒப்பந்தம் சித்திரைக்குப் பிறகும் கொஞ்சம் போகும். முன்னாலேயே இறக்கிவிடச் சொல்லி மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருந்தார். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். பிள்ளை பிறக்கும்போது கூட இருப்பதற்கு மட்டும் இந்த வேலை என்னை விட்டால் போதும், வேறெதுவும் கேட்கமாட்டேன் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மார்கழியில், வயலெல்லாம் கதிர் வந்து பால் பிடிக்கும் நேரத்தில், ஒரு விடியற்காலை எனக்கு வலி எடுத்தது. கொழுந்தன் கார் பிடித்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யார் மேலும் தப்பு இல்லை, சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர் அம்மா. என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்திருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்காது. எனக்கு அது தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கதவையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரமுடியாது என்று தெரிந்த ஆளுக்காக இவ்வளவு நேரம் கதவைப் பார்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கொழுந்தன்தான் அவருக்குத் தகவல் அனுப்பினார். அவர் ஊருக்குப் போக வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை இறந்துபோனால் அவசர விடுப்புக்கு மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம். பிறக்காத பிள்ளைக்கு விதியில் இடம் இல்லை என்றார்களாம். போவதானால் வேலையை விட்டு அடுத்த துறைமுகத்தில் இறங்கலாம், டிக்கெட் சொந்தச் செலவு, திரும்பக் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. புத்தாண்டு நேரம். கப்பல் நிரம்பி வழிகிறது. மாற்று ஆள் கிடையாது. அந்த மேலதிகாரி வேறு நாட்டுக்காரர். அவருக்கும் இரண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த வாழ்க்கைதான். இவர் தோளில் கை வைத்து, மத்தியானத்திலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம், உன் அறைகளை நான் வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், சாயங்காலச் சுற்றுக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். அத்தனை வருஷத்தில் கப்பலில் இவருக்குக் கிடைத்த முதல் லீவு அது. அரை நாள்.

இதெல்லாம் நான் வீட்டுக்கு வந்தபிறகு, காலைப் போனில் அவர் சொன்னது. அம்மா கஞ்சி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். எனக்கு அவர் பேச்சில் எதுவும் காதில் ஏறவில்லை. அந்த அரை நாள் மட்டும் மனசில் நின்றது. என் பிள்ளைக்கு இந்த உலகத்தில் யாரோ கொடுத்தது அந்த அரை நாள்தான். அதில் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் போல இருந்தது. கேட்டேன்.

"தூங்கிட்டேன்" என்றார். "உக்காந்து அழணும்னுதான் ரூமுக்குப் போனேன். திரையை இழுத்து விட்டுக்கிட்டுக் கட்டில்ல சாஞ்சேன். அவ்வளவுதான் தெரியும். சாயங்காலம் வேலைக்கு நேரமாச்சுன்னு கூட இருக்கிறவன் வந்து எழுப்பினான்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. நான் இங்கே ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கிறேன், உங்களுக்கு எப்படிக் கண் மூடியது என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. விடிகாலையிலிருந்து நள்ளிரவு வரை பல மாதமாக ஓடிய மனிதரை மத்தியானத்தில் ஒரு கட்டிலில் சாய விட்டால் வேறு என்ன நடக்கும்? துக்கத்துக்குக்கூட அவர் உடம்பில் இடம் மிச்சம் இல்லை. எவ்வளவோ கேட்க நினைத்த நான் கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

"நல்லா தூங்கினீங்களா?"

"நல்லா தூங்கினேம்மா" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். காசு தீர்ந்து லைன் போகும் வரைக்கும் இரண்டு பேரும் வேறு எதுவும் பேசவில்லை.